நான்காம் இடத்தில் வந்தவர்

ஒலிம்பிக்கில் மிகவும் கொடுமையான இடம் எது என்று கேட்டால், கடைசி இடம் என்று நான் சொல்லமாட்டேன். நான்காம் இடம் என்றுதான் சொல்வேன். கடைசியில் வருபவர் கலந்துகொண்டோமே என்ற திருப்தியோடு வீடு திரும்பிவிடலாம். நான்காவதாக வருபவருக்கு அதுவும் கிடையாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் பெர்லி டான் – எம்.தீனா இணை பூப்பந்து மகளிர் இரட்டையரில் அரையிறுதி வரை போனது. அதற்கு முன் எந்த மலேசிய மகளிர் இணையும் தொடாத உயரம் அது. ஆனாலும் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானிய இணையிடம் தோற்றபோது, "அடடா, நான்காவதா!" என்றுதான் வீட்டுக்கு வீடு பேசிக்கொண்டோம். மேடையில் மூன்று பேருக்குத்தான் இடம். நான்காமவர் கீழே நின்று கைதட்ட வேண்டியவர்.

இந்த வாரம் நான் சொல்லப்போவது அப்படி நான்காவதாக வந்த ஒருவரைப் பற்றி. அவருக்கு அந்த மேடை மற்றவர்களைவிட அதிகமாகத் தேவைப்பட்டது. பதக்கத்துக்காக மட்டும் இல்லை. அந்த மேடையில் நின்று அவர் ஒரு காரியம் செய்ய நினைத்திருந்தார்.

1936 பெர்லின் ஒலிம்பிக் என்றதும் நம் நினைவுக்கு வருகிறவர்கள் சிலர்தான். ஹிட்லரின் கண்முன்னே நான்கு தங்கம் வென்ற அமெரிக்கக் கறுப்பின வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ். ஜெர்மனியை 8-1 என்று வீழ்த்திய தயான் சந்தின் இந்திய ஹாக்கி அணி. ஆனால் அதே போட்டியின் மல்யுத்தப் பட்டியலைப் புரட்டினால், கிரேக்க-ரோமானிய பாணி, 87 கிலோ எடைப் பிரிவில் இப்படி இருக்கும்: தங்கம் சுவீடன், வெள்ளி லாட்வியா, வெண்கலம் எஸ்தோனியா. அதற்கு அடுத்த வரியில், போட்டியை நடத்திய நாட்டின் வீரர், வெர்னர் ஸேலன்பிண்டர். அவ்வளவுதான். எட்டு ஆண்டுகள் கழித்து அவருடைய நாட்டு அரசே அவர் தலையை வெட்டிக் கொன்றது என்பதை அந்தப் பட்டியல் சொல்வதில்லை.

மல்யுத்தம் என்றால் நம் இளையவர்களுக்குத் தொலைக்காட்சியில் நாற்காலியைத் தூக்கி அடிக்கும் காட்சிதான் தெரியும். தாத்தா பாட்டிகளைக் கேட்டால் தாரா சிங், கிங் காங் என்று பழைய சிங்கப்பூர், கோலாலம்பூர் மேடைகளைப் பற்றிக் கண்கள் விரியச் சொல்வார்கள். அதெல்லாம் டிக்கெட் வாங்கிப் பார்த்த கேளிக்கை. ஸேலன்பிண்டர் ஆடியது வேறு. அது சம்பளம் இல்லாத, கயிறு கட்டாத, பாய் விரித்த களத்தில் நடக்கும் மல்யுத்தம். கிரேக்க-ரோமானிய பாணியில் இடுப்புக்குக் கீழே எதிராளியைத் தொடக்கூடாது. காலை வாருவதற்கு வழியே இல்லை. இரண்டு உடல்கள் நெஞ்சோடு நெஞ்சு மோதி, கைகளாலும் தோள்களாலும் முதுகு வலிமையாலுமே தீர்வு காண வேண்டும். எதிராளியின் இரண்டு தோள்களும் பாயில் பதிந்தால் ஆட்டம் முடிந்தது. ஏமாற்றுவதற்கு இடம் குறைவான விளையாட்டு என்று இதைச் சொல்லலாம்.

ஸேலன்பிண்டர் 1904 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஸ்டெட்டின் நகரில் பிறந்தார். அது அப்போது ஜெர்மனியில் இருந்தது, இன்று போலந்தில் இருக்கிறது. தொழிலாளிக் குடும்பம். வளர்ந்தது பெர்லினில். தச்சு வேலை கற்றார். கிடைத்த உடலுழைப்பு வேலைகளைச் செய்தார். மாலையில் மல்யுத்தக் கூடத்துக்குப் போனார்.

அந்தக் கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அன்றைய ஜெர்மனியில் தொழிலாளர்கள் தங்களுக்கென்று தனி விளையாட்டுச் சங்கங்கள் வைத்திருந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவற்றில் உறுப்பினர்கள். உடற்பயிற்சி, நீச்சல், சைக்கிள், மல்யுத்தம் என்று எல்லாம் உண்டு. வசதி படைத்தவர்களின் கழகங்களில் நுழைய முடியாதவர்கள் தாங்களே பணம் போட்டு, தாங்களே இடம் பிடித்து நடத்திய சங்கங்கள் அவை. நம் தோட்டப்புறங்களில் ஒரு திடலும் ஒரு பந்தும் எத்தனை பேரைச் சேர்த்துப் பிடித்தன என்று தெரிந்தவர்களுக்கு அந்தச் சங்கங்களின் அருமை புரியும். அவர்களுக்கென்று தனி ஒலிம்பிக்கே நடந்தது. 1925இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்த தொழிலாளர் ஒலிம்பிக்கில் ஸேலன்பிண்டர் வென்றார். அப்போது அவருக்கு வயது 21கூட நிறையவில்லை. 1928இல் மாஸ்கோவில் நடந்த ஸ்பார்ட்டகியாட் போட்டிக்குப் போய் வந்தார். அதே ஆண்டு கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார்.

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். சில மாதங்களுக்குள் தொழிலாளர் விளையாட்டுச் சங்கங்கள் தடை செய்யப்பட்டன. அவற்றின் திடல்களும் கூடங்களும் பறிபோயின. விளையாட வேண்டுமானால் அரசு அனுமதித்த கழகத்தில் சேர வேண்டும். ஸேலன்பிண்டர் சேர்ந்தார். அந்த ஆண்டே தேசிய சாம்பியன் ஆனார்.

பரிசளிப்பு. வென்றவர்கள் எல்லாரும் வலக்கையை நீட்டி ஹிட்லருக்கு வணக்கம் செலுத்த வேண்டும். ஸேலன்பிண்டர் கையை உயர்த்தவில்லை.

இதைப் படிக்கும்போது நமக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். கை உயர்த்த ஒரு விநாடி போதும். மனதுக்குள் எதை நினைத்துக்கொண்டும் கையை உயர்த்தலாம். லட்சக்கணக்கானவர்கள் அப்படித்தான் உயர்த்தினார்கள். "இதில் என்ன இருக்கிறது, எல்லாரும் செய்கிறார்கள், நமக்குக் குடும்பம் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டவர்களைக் குறை சொல்லவும் நமக்குத் தகுதியில்லை. அந்த இடத்தில் நாம் நிற்கவில்லை. ஆனால் அந்த ஒரு விநாடியை அரசு எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டது என்று பாருங்கள். பயிற்சி செய்யவும் போட்டியிடவும் அவருக்கு 16 மாதத் தடை. உயர்த்தாத ஒரு கைக்கு ஓர் அரசாங்கம் பயந்தது என்றால், உயர்ந்த கைகளில்தான் அது நின்றுகொண்டிருந்தது என்று பொருள்.

தடை முடிந்து திரும்பி வந்தார். 1935இல் மறுபடியும் தேசிய சாம்பியன். அடுத்த ஆண்டு பெர்லினில் ஒலிம்பிக். நாட்டின் முதல்நிலை வீரரை ஒதுக்கிவைத்தால் பதக்கம் போய்விடும். எனவே அரசுக்கு அவர் வேண்டியிருந்தது.

அவருக்கு அரசு வேண்டியிருந்ததா? இதுதான் அவர் முன் இருந்த கேள்வி. அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க வேண்டும் என்று அமெரிக்கா தொடங்கிப் பல நாடுகளில் குரல் எழுந்திருந்தது. ஸேலன்பிண்டரும் விலகிக்கொள்ளவே நினைத்தார். தலைமறைவாக இயங்கிய நண்பர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். நீ விலகினால் யாருக்கும் தெரியாது, இன்னொருவரை இறக்கிவிடுவார்கள். நீ பதக்கம் வென்று மேடை ஏறினால் உலகத்தின் கண்கள் உன்மேல் இருக்கும். அங்கே வணக்கம் செலுத்தாமல், இந்த ஆட்சியை எதிர்க்கும் ஜெர்மானியர்களும் இருக்கிறார்கள் என்று காட்டு. இதுதான் திட்டம்.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மல்யுத்த வீரர்கள் பதக்கத்துக்காகப் பயிற்சி செய்வார்கள். இவர் பதக்கம் வென்ற மறுகணம் தன்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று தெரிந்தே பயிற்சி செய்தார். வெற்றி பெற்றால் சிறை. தோற்றால் வீடு. அப்படி ஒரு போட்டிக்கு ஒரு மனிதன் காலையில் எழுந்து ஓடி, எடை பார்த்து, உணவைக் கட்டுப்படுத்தித் தயாராவது எப்படி இருந்திருக்கும்?

1936 ஆகஸ்ட். பெர்லினின் டாய்ச்லாண்ட் அரங்கம். முதல் சுற்றில் லாட்வியாவின் எட்வின்ஸ் பீட்டாக்ஸிடம் ஸேலன்பிண்டர் தோற்றார். அந்த பீட்டாக்ஸ்தான் கடைசியில் வெள்ளி வென்றவர். அந்நாளைய முறையில் ஒரு தோல்வியோடு ஆட்டம் முடிந்துவிடாது. தோல்விக்கும், முழுமையாக வெல்லாத வெற்றிக்கும் தண்டனைப் புள்ளிகள் சேரும். ஓர் எல்லையைத் தொட்டால் வெளியே போக வேண்டும். ஸேலன்பிண்டர் தொடர்ந்து போராடினார். முடிவில் நான்காம் இடம். மேடை கிடைக்கவில்லை. திட்டம் அத்தோடு போயிற்று.

அதே வாரம், ஆகஸ்ட் 9ஆம் தேதி, அதே நகரில் இன்னொருவர் மேடை ஏறினார். மாரத்தான் ஓட்டத்தில் தங்கம் வென்ற சோன் கீ சுங். கொரியர். அப்போது கொரியா ஜப்பானின் பிடியில் இருந்ததால் ஜப்பானியப் பெயரோடு, ஜப்பானியச் சட்டையோடு ஓட வேண்டியிருந்தது. ஜப்பானிய கீதம் ஒலித்தபோது தலையைக் குனிந்துகொண்டார். பரிசாகத் தந்த ஓக் மரக்கன்றால் நெஞ்சில் இருந்த ஜப்பானியக் கொடியை மறைத்துக்கொண்டார். அந்தப் படத்தில் கொடியை அழித்துவிட்டு வெளியிட்ட கொரிய நாளிதழ் ஒன்று முடக்கப்பட்டது. ஜப்பானியர் காலத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் குனிந்த தலையின் கனம் தெரியும். சோன் கீ சுங்கை உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. அவருக்கு மேடை கிடைத்தது. ஸேலன்பிண்டருக்குக் கிடைக்கவில்லை.

நம்மில் பெரும்பாலோருடைய கதை இங்கே முடிந்திருக்கும். முயன்றேன், வாய்க்கவில்லை, என்னால் ஆனது இவ்வளவுதான் என்று ஒதுங்கிக்கொள்ள இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. ஆனால் நான் இந்த மனிதரைப் பற்றி எழுத உட்கார்ந்ததே இதற்குப் பிறகு அவர் செய்ததற்காகத்தான்.

ஒலிம்பிக் முடிந்த பிறகும் அவர் மல்யுத்தத்தை விடவில்லை. 1937இல் பாரிஸிலும் 1938இல் தாலினிலும் நடந்த ஐரோப்பியப் போட்டிகளில் வெண்கலம். உள்நாட்டில் 1937, 1938, 1940, 1941 என்று மேலும் நான்கு முறை தேசிய சாம்பியன். மொத்தம் ஆறு முறை. இந்த எண்களை மட்டும் பார்த்தால், ஒரு விளையாட்டு வீரர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போனார் என்று தோன்றும். உண்மையில் அந்த வெற்றிகள்தாம் அவருடைய பயணச் சீட்டு. சாதாரணத் தொழிலாளி ஒருவர் எல்லை தாண்டிப் போனால் எதற்கு, எங்கே என்று கேட்பார்கள். தேசிய அணியின் வீரர் போட்டிக்குப் போகிறார் என்றால் கேள்வி குறைவு. அந்தப் பயணங்களில் அவர் தலைமறைவு இயக்கத்தின் செய்திகளையும் காகிதங்களையும் கொண்டுபோய்க் கொண்டுவந்தார். ராபர்ட் ஊரிக் என்ற தொழிலாளி பெர்லினின் தொழிற்சாலைகளுக்குள் கட்டியெழுப்பிய எதிர்ப்புக் குழுவில் அவர் ஒருவர்.

அதாவது, பாயில் தோற்கத் தொடங்கினால் பயணம் நின்றுவிடும். பயணம் நின்றால் செய்தி நின்றுவிடும். முப்பது வயதைத் தாண்டிய உடம்பை ஆண்டுக்கு ஆண்டு சாம்பியன் நிலையில் வைத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன். மேடையில் ஒருமுறை செய்ய நினைத்ததற்கு நேர்மாறான வேலை இது. யாரும் பார்க்கக்கூடாது. யாருக்கும் தெரியக்கூடாது. கைதட்டல் வந்தால் ஆபத்து. அதை அவர் ஆண்டுக்கணக்கில் செய்தார்.

1942 பிப்ரவரி 4ஆம் தேதி பிடிபட்டார். ஊரிக் குழுவைச் சேர்ந்த ஏறத்தாழ 200 பேரை அந்த நாட்களில் ரகசியப் போலீஸான கெஸ்டாபோ அள்ளிக்கொண்டு போனது. சித்திரவதை, சிறைகள், முகாம்கள் என்று இரண்டரை ஆண்டுகளுக்கு மேல். 1944 செப்டம்பரில் "மக்கள் நீதிமன்றம்" என்று பெயர் வைத்திருந்த நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அக்டோபர் 24ஆம் தேதி பிராண்டன்பர்க் சிறையில் தண்டனை நிறைவேறியது. அவருக்கு வயது 40.

சாவதற்கு முன் தந்தைக்கு ஒரு கடிதம் எழுதினார். நோயும் உடல் வேதனையும் மன வேதனையும் அனுபவித்துவிட்டதைச் சொல்லியிருந்தார். போர் முடிந்த பிறகு வாழ்க்கையின் இன்பங்களை நண்பர்களோடும் விளையாட்டுத் தோழர்களோடும் சேர்ந்து அனுபவிக்க ஆசையாக இருந்தது என்றும் எழுதியிருந்தார். அரசியலைவிட அந்த ஆசைதான் என்னை அதிகம் கலங்க வைக்கிறது. அவருக்கு உயிர் வெறுத்துப்போகவில்லை. வாழ ஆசைப்பட்ட மனிதர்தான் அந்தக் கையை உயர்த்தாமல் இருந்தார். ஆறு மாதங்களில், 1945 ஏப்ரல் 27ஆம் தேதி, அந்தச் சிறையின் கதவுகள் திறந்தன.

கதை இத்தோடு முடிந்திருந்தால், ஒரு தியாகியின் கதை என்று மாலை போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் இறந்தவரின் பெயரை வைத்தும் மல்யுத்தம் நடந்தது.

போர் முடிந்த கோடையிலேயே அவருடைய அஸ்தி பெர்லினின் நொய்க்கோல்ன் பகுதி விளையாட்டரங்கில் புதைக்கப்பட்டு, அரங்கத்துக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது. அந்தப் பகுதி பின்னர் மேற்கு பெர்லின் ஆயிற்று. பனிப்போர் தொடங்கியதும் ஒரு கம்யூனிஸ்டின் பெயர் அங்கே உறுத்தியது. 1949இல் பெயர் அகற்றப்பட்டது. கிழக்கு ஜெர்மனியோ அவரைத் தூக்கிக் கொண்டாடியது. 1950இல் கிழக்கு பெர்லினில் ஒரு பெரிய உள்ளரங்கத்துக்கு அவர் பெயரை வைத்தது. அவர் பெயரில் மல்யுத்தப் போட்டிகள் நடந்தன.

கொண்டாடிய அந்த அரசு எப்படிப்பட்டது? ஸேலன்பிண்டர் கொல்லப்பட்ட அதே பிராண்டன்பர்க் சிறையில் எரிக் ஹோனெக்கர் என்ற இன்னொரு கம்யூனிஸ்டும் அடைபட்டிருந்தார். அவர் உயிரோடு வெளியே வந்தார். 1961இல் பெர்லின் சுவர் எழும்பியபோது அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் அவர்தான். பிறகு 1971 முதல் 1989 வரை கிழக்கு ஜெர்மனியை ஆண்டார். மாற்றுக் கருத்து சொன்னவர்களை அந்த ஆட்சியும் சிறையில் போட்டது. வணக்கம் செலுத்த மறுத்த ஒருவரின் பெயரைத் தாங்கிய அரங்கத்தில், தலையாட்ட மட்டுமே தெரிந்தவர்கள் கட்சி மாநாடு நடத்தினார்கள். ஸேலன்பிண்டர் பிழைத்து வந்திருந்தால் அந்த மாநாட்டில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பாரா, இன்னொரு முறை கையை உயர்த்த மறுத்திருப்பாரா? அவரைப் புனிதராக்க நினைப்பவர்களும் அவர் பெயரை அழிக்க நினைப்பவர்களும் இந்தக் கேள்விக்குத் தங்களுக்கு வசதியான விடையை வைத்திருக்கிறார்கள். எனக்கு அப்படி ஒரு விடை தேவைப்படவில்லை. 1933இல் அவர் முன் இருந்த கேள்விக்கு அவர் சொன்ன பதில் நம்மிடம் இருக்கிறது. அதுவே போதும்.

சுவர் விழுந்தது. ஜெர்மனி ஒன்றானது. 2000ஆம் ஆண்டு ஒலிம்பிக்கைப் பெர்லினுக்குக் கொண்டுவர வேண்டும் என்று ஒரு முயற்சி நடந்தது. அதற்காகப் புதிய சைக்கிள் பந்தய அரங்கம் கட்ட, கிழக்கு பெர்லினில் அவர் பெயரில் இருந்த அந்த உள்ளரங்கத்தை இடித்தார்கள். ஒலிம்பிக் சிட்னிக்குப் போய்விட்டது. ஒலிம்பிக் மேடை உயிரோடு இருந்தபோதும் அவருக்குக் கிடைக்கவில்லை. செத்த பிறகு, வராத ஓர் ஒலிம்பிக்குக்காக அவர் பெயரிட்ட அரங்கமும் போனது.

மேற்குப் பக்கம் வேறு மாதிரி நடந்தது. 2004இல், அவர் கொல்லப்பட்டு 60 ஆண்டுகள் ஆனபோது, நொய்க்கோல்ன் விளையாட்டுத் திடலுக்கு மறுபடியும் அவர் பெயரையே வைத்தார்கள். இன்றும் அது வெர்னர் ஸேலன்பிண்டர் விளையாட்டுப் பூங்காதான். அவருடைய கல்லறையும் அங்கேதான். நொய்க்கோல்ன் இன்று துருக்கியர், அரபுக்காரர் என்று பல நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் நெருக்கமாக வாழும் பகுதி. ஸேலன்பிண்டரின் நாட்களில் அது தொழிலாளர் குடியிருப்பு. பணம் இல்லாத பிள்ளைகளுக்குத் திடல்தான் சொத்து என்பது அன்றும் இன்றும் ஒன்றுதான்.

நம் பிள்ளைகளுக்கு விளையாட்டைப் பற்றிச் சொல்லும்போது வெற்றியாளர்களையே காட்டுகிறோம். அலுவலகத்திலும் அப்படித்தான். யார் மேடை ஏறினார், யாருக்குப் பதவி உயர்வு என்பதுதான் பேச்சு. ஏதேனும் அநியாயத்தைக் கண்டால்கூட, நமக்கு ஒரு நல்ல இடம் கிடைக்கட்டும், பெயர் வரட்டும், அப்புறம் பேசலாம் என்று தள்ளிப்போடுகிறோம். பேசுவதற்கு மேடை வேண்டும் என்று நம்புகிறோம். எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. ஸேலன்பிண்டரும் அவர் நண்பர்களும்கூட அப்படித்தான் நம்பினார்கள். மேடை கை நழுவிப் போனது. அவர் அடுத்த பயணத்துக்குப் பெட்டியைக் கட்டினார்.

நல்லது செய்ய முதல் மூன்று இடத்துக்குள் வரவேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. அடுத்த ஒலிம்பிக்கில் நம்மவர் யாராவது நான்காவதாக வந்தால், "அடடா" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியை அணைத்துவிடாதீர்கள். அவர் நாளைக் காலை என்ன செய்கிறார் என்று பாருங்கள்.